தர்மக் கணக்கில் சேராதது

போன வாரம் பிள்ளைகள் இல்லத்தில் ஒரு சிறுமி சொன்ன ஒரு வாக்கியத்தைப் பெரியவள் வீடு வரைக்கும் தூக்கி வந்தாளே தவிர, யாரிடமும் இறக்கி வைக்கவில்லை.

“எங்கம்மா உங்க லாண்டரியிலதான் வேலை செய்றாங்க. ராத்திரி ஷிப்டு.”

அப்பாவிடம் சொல்வதா, அத்தையிடம் சொல்வதா என்று சில நாள் மென்று முழுங்கினாள். கடைசியில் புதன்கிழமை காலை, தன் கிளினிக்குக்கு லீவு சொல்லிவிட்டு நேராக லாண்டரிக்கே கிளம்பினாள். அன்று சாயங்காலம் அறக்கட்டளைக் கூட்டம். அதற்குள் விஷயம் நிஜமா என்று தெரிந்தாக வேண்டும்.

இந்தக் குடும்பத்துக்குள் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறவர்களுக்காக நாலு வரி. லாண்டரி என்றால் தெருமுனைக் கடை இல்லை. ஊரிலிருக்கும் ஓட்டல்களும் ஆஸ்பத்திரிகளும் அழுக்கு விரிப்புகளை மூட்டை மூட்டையாக இங்கேதான் அனுப்பும். விடிந்தால் எல்லாம் வெள்ளை வெளேரென்று திரும்பிப் போகும். ஒற்றை மெஷினோடு இதை ஆரம்பித்தவர் அப்பா. லாபத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, அறக்கட்டளை என்று பெயர் வைத்து, அந்தப் பிள்ளைகள் இல்லத்தைத் தாங்கி நிற்பவள் அப்பாவின் அக்கா. அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா இறந்த பிறகு பெரியவளையும் அவள் தம்பியையும் வளர்த்து ஆளாக்கியது அத்தைதான்.

அந்த அத்தை இந்த வருஷம் ஒரு போடு போட்டாள். தனக்குப் பிறகு அறக்கட்டளையை யார் பார்ப்பது என்று கவலைப்பட்டுக்கொண்டே இருப்பதைவிட, இப்போதே பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடலாம். நாலு பேர், ஆளுக்கு ஒரு ஓட்டு. தன் ஓட்டுக்கும் அதே எடைதான்.

பெரியவள் சரி என்றாள். தம்பிதான் நழுவப் பார்த்தான். தனக்கு மனசு இருக்கிறது, நேரம்தான் இல்லை என்றான். தன் ஓட்டையும் அக்காவே சேர்த்துப் போட்டுவிட முடியுமா என்று கேட்டுப் பார்த்தான். அத்தை ஒரு பார்வை பார்த்தாள், அதோடு அடங்கிவிட்டான். அப்பாவோ, பிள்ளைகள் கையெழுத்துப் போடவும் போட்டோவுக்கு நிற்கவும் வருகிறார்கள் என்ற அளவில் சந்தோஷமாக இருந்தார்.

கூட்டத்தில் பேச வேண்டியது ஒரே விஷயம். இல்லத்துக்குப் புதுக் கட்டடம். அம்மா பெயரில்.

தம்பி லாண்டரி வாசலில், கிளம்பத் தயாராக இருந்த வேனில் சாய்ந்துகொண்டு டீயை ஊதிக்கொண்டிருந்தான். அவனை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். உயரத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் ஒட்டிய பெயர், மீசை முளைத்த பிறகும் உதிரவில்லை. யாருக்கு எந்த ஷிப்டு என்று முடிவு செய்வது அவன் வேலை.

பெரியவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். சிறுமியின் பட்டப்பெயர் வாலு. மூன்றாம் வகுப்பு. அவள் அம்மா இங்கே உருளை மெஷினில் நிற்கிறாளாம்.

ஏணி டீயை ஊதுவதை நிறுத்தினான்.

“உருளையக்காவா?”

ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் காய்ந்து, சுருக்கமில்லாமல் வெளியே வரும் பெரிய மெஷின் அது. அதில் விரிப்பின் இரண்டு மூலையையும் பிடித்துச் சரியாக உள்ளே விடுகிறவளுக்கு உருளையக்கா என்று பெயர். புதிதாக வேலைக்கு வந்தவர்கள், ஏதோ பக்கத்தில் கிழங்கு வியாபாரமும் நடக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ராத்திரி ஷிப்டில் நம்பி ஒப்படைக்கிற ஆள், லீவே போடமாட்டாள், அதிர்ந்து பேசமாட்டாள் என்று ஏணி அவளைப் பற்றி வரிசையாகச் சொன்னான். சொல்லிக்கொண்டே வந்தவன், அவளுக்குப் பிள்ளை இருக்கிற சங்கதி மட்டும் தனக்குத் தெரியவில்லை என்று முடித்தபோது குரல் இறங்கிவிட்டது.

ஷிப்டு முடிந்து, பெண்கள் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். உருளையக்கா தலையிலிருந்த துணித் தொப்பியைக் கழற்றி உதறினாள். சின்ன முதலாளியும் அவன் அக்காவும் தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் கையைத் துடைக்கக்கூட மறந்து நின்றுவிட்டாள்.

“பாப்பா ஏதாவது சொல்லிடுச்சா மேடம்? அங்கேருந்து அனுப்பிடுவாங்களா?”

பயப்பட ஒன்றுமில்லை என்று பெரியவள் அவளைப் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார வைத்தாள். உட்கார்ந்த பிறகுதான் பேச்சு வந்தது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றை அறையில் தானும் மகளும்தான். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. சின்னப் பிள்ளையை ராத்திரி பூட்டி வைத்துவிட்டு வேலைக்கு வந்தாள் கொஞ்ச நாள். ஒருநாள் காலையில் போய்க் கதவைத் திறந்தால், பிள்ளை கதவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து தூங்கியிருந்தது. அன்றைக்கே போய் இல்லத்தில் சேர்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்ப் பார்க்கிறாள்.

முதலாளியின் அக்காதான் இல்லத்தைத் தாங்குகிறார்கள் என்பது சேர்த்த பிறகுதான் தெரிந்ததாம். தெரிந்ததும் பயந்துபோனாள். சம்பளமும் வாங்கிக்கொண்டு, பிள்ளைக்கு இடமும் வாங்கிக்கொண்டாள் என்று யாராவது சொல்லிவிட்டால்? பெரியம்மா (இல்லத்தில் அத்தையை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வந்து கேட்டால், தனக்கு யாரும் இல்லை என்று சொல்லிவிடும்படி மகளிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

பகல் ஷிப்டு கேட்டிருக்கலாமே என்று ஏணி கேட்டான்.

அவள் தரையைப் பார்த்தாள்.

“கேட்டேன் சார். நீங்க பார்க்கலாம்னு சொன்னீங்க.”

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். ஏணிக்கு அதுதான் தாங்கவில்லை. வேனுக்குப் பக்கத்தில், ஓடுகிற ஓட்டத்தில், ஒரு நாளைக்கு எத்தனையோ பேரிடம் சொல்கிற ‘பார்க்கலாம்’ அது. பார்க்கவே இல்லை.

அவளைப் போல இன்னும் யார் யார் என்று கேட்டபோது அவள் தயங்கித் தயங்கி நாலைந்து பேரைக் காட்டினாள். ஒருத்தி பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விடுகிறாள். ஒருத்தி, எட்டு வயதுப் பெண்ணை நம்பிக் கைக்குழந்தையை விட்டுவிட்டு வருகிறாள்.

சாயங்காலம் மாடி அறையில் கூடினார்கள். கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தால் கீழே லாண்டரி முழுவதும் தெரியும். மேஜையில் கட்டடத்தின் வரைபடம் விரிந்து கிடந்தது. சுருண்டுகொள்ளாமல் இருக்க, நாலு மூலையிலும் சோப்புக் கரைசல் பாட்டில்களை வைத்திருந்தார் அப்பா. வாசலுக்கு மேலே அம்மாவின் பெயர் வருகிற இடத்தை மட்டும் பென்சிலால் லேசாகக் கட்டம் போட்டிருந்தார்.

முதல் கூட்டம், நல்ல காரியத்தோடு ஆரம்பிப்போம் என்றார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

அதைப் பார்த்த பெரியவள் கண்ணை வரைபடத்துக்குத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் சொன்னாள். இல்லத்தில் ஒரு பிள்ளை, அவள் அம்மா நம் ராத்திரி ஷிப்டில், பூட்டிய கதவு, ஞாயிற்றுக்கிழமை. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அத்தை குறுக்கே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எந்தப் பிள்ளை?”

“வாலு, அத்தை.”

அத்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்பாவுக்குக் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது. “அம்மாவுக்கு வேலை குடுத்திருக்கோம். பிள்ளைக்கு இடம் குடுத்திருக்கோம். இதுல நாம என்ன குறை வச்சோம்?”

“ரெண்டையும் தனித்தனியா குடுத்தோம்பா. அதுதான்.”

ஏணி தொண்டையைச் செருமினான். எப்போதும் லாண்டரிக் கூட்டம் என்றால் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பவன், அன்றைக்கு நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான். சின்னப் பிள்ளை வைத்திருக்கும் அம்மாக்களை ராத்திரி ஷிப்டிலிருந்து எடுத்துவிடலாம் என்றான். ராத்திரிக்கு வேறு ஆள் எடுக்க வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டும். புது ஆட்கள் கை பழகும் வரைக்கும் ஓட்டல் விரிப்புகளில் பாதி, விடியற்காலைக்குப் பதில் மத்தியானம்தான் போகும். இதற்கு ஆகும் செலவைக் கட்டடத்துக்கு வைத்திருக்கும் பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நாலு ஓட்டில் தன் ஓட்டு அதற்குத்தான்.

“எடுக்கக் கூடாது” என்றாள் அத்தை.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தம்பியைப் பார்த்தாள், தன் தம்பியை.

“அறக்கட்டளைப் பணத்துல ஒரு பைசா இதுக்கு வராது. இவங்க உன்கிட்ட வேலை செய்றவங்க. அவங்க பிள்ளை அவங்க பக்கத்துல படுத்துத் தூங்குறது தர்மக் கணக்குல சேராதுடா தம்பி. அது உன் கணக்கு. உன் பையில இருந்துதான் போகணும்.”

அத்தை கோடு கிழித்தால் அப்பா தாண்ட மாட்டார். என்றாலும் உடனே தலையாட்டிவிடவும் இல்லை. பெரிய ஓட்டல் மேனேஜர் ஒரு மணி நேரம் தாமதமானாலே குதிக்கிற ஆள், மத்தியானம் வரைக்கும் எப்படிப் பொறுப்பார் என்றார். போட்டிக்கு இரண்டு லாண்டரி வாயைப் பிளந்துகொண்டு காத்திருப்பதைச் சொன்னார். நியாயமான பயம்தான். பேசிப் பேசி, ஒருவழியாக இறங்கி வந்தார். மேனேஜரிடம் யார் போய்ப் பேசுவது என்றார். நாளைக் காலையில் தானே போகிறேன் என்றான் ஏணி.

“சரி, அதை நம்ம செலவுல பண்ணுவோம். அப்ப கட்டடப் பணம் அப்படியேதானே இருக்கு? அதைக் கட்டிடலாமே. கட்டடம் என்ன பாவம் பண்ணிச்சு?”

கேட்டுவிட்டு அப்பா, பென்சில் கட்டத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டார்.

பெரியவள் பயந்துகொண்டிருந்த இடம் இதுதான்.

“போன வாரம் வார்டன்கிட்டக் கேட்டேன்பா. பாதிக்கு மேல பிள்ளைங்களுக்கு அம்மாவோ அப்பாவோ இருக்காங்க. ஏதோ ஒரு முடை, கொண்டுவந்து விட்டிருக்காங்க. இந்தக் கட்டடம் வந்தா இன்னும் முப்பது படுக்கை. படுக்கை போட்டுட்டா, அதுல படுக்கப் பிள்ளைங்க வந்துருவாங்கப்பா. அந்தப் பணத்துல யார் யாரை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப முடியும்னு ஒரு வருஷம் பார்க்கலாம். யாருமே இல்லாத பிள்ளைங்களுக்கு இப்ப இருக்கிற இடமே தாராளம்.”

“உங்கம்மா பேரு…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

எழுந்து போய்க் கண்ணாடிச் சுவரருகே நின்றார். கீழே தள்ளுவண்டிகள் போய் வந்துகொண்டிருந்தன. உருளை மெஷினில் பகல் ஷிப்டு ஆட்கள். வெள்ளை விரிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்து விழுந்தன. பேசியபோது திரும்பாமலேயே பேசினார்.

“அக்கா. அவ போனப்போ இங்க ஒரே மெஷின். நான்தான் ராத்திரி ஆளு, நான்தான் பகல் ஆளு. நீ வேலையை விட்டுட்டுப் பெட்டியோட வந்து இறங்கலைன்னா, இதுங்க ரெண்டையும் நான் எங்க கொண்டுபோய் விட்டிருப்பேன்?”

அத்தை எழுந்தாள். தம்ளரில் தண்ணீர் ஊற்றி, அவர் உட்காரும் இடத்துக்கு நேராக நகர்த்தி வைத்தாள்.

அப்பா வந்து உட்கார்ந்து, தண்ணீரைக் குடித்து முடித்தார். ஓட்டுக்கெல்லாம் கை தூக்க வேண்டாம் என்றார். பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்தார். வரைபடம் தானாகச் சுருண்டுகொண்டது. அதை ரப்பர் வளையம் போட்டு அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். கிழித்துப் போடவில்லை. கிழிக்க வேண்டும் என்று பெரியவளும் நினைக்கவில்லை.

படி இறங்கும்போதே ஏணி உருளையக்காவுக்குப் போன் போட்டான். நல்ல செய்தியைத் தானே சொல்ல வேண்டும் என்று அவ்வளவு துடிப்பு. “அக்கா, இன்னிக்கு ராத்திரி நீங்க வேலைக்கு வர வேண்டாம். நாளைக்குப் பேசிக்கலாம்” என்று சொல்லி வைத்துவிட்டான்.

பெரியவள் தலையில் அடித்துக்கொண்டாள். வேலையை விட்டு நிறுத்துகிறவன்கூட இதைவிட இதமாகச் சொல்லியிருப்பான் என்றாள். அவன் திருதிருவென்று விழித்துவிட்டு மறுபடி போட்டான். அதற்குள் எதிர்முனையில் போனை அணைத்துவிட்டார்கள்.

அத்தையை வீட்டில் விடப் பெரியவள் காரை எடுத்தாள். வெயில் தாழ்ந்து, கடைகளில் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். கூட்டத்தில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசிய அத்தை, வண்டியில் ஏறியதும் ஓரமாக ஒடுங்கிக்கொண்டாள். மடியில் கைப்பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சிக்னலில் நின்றபோது மெல்ல ஆரம்பித்தாள்.

“வாலுகிட்ட நான் ஒண்ணு சொல்லிட்டேன்.”

பெரியவள் திரும்பிப் பார்த்தாள்.

“உனக்கு யாரும்மா இருக்கான்னு கேட்டேன். யாரும் இல்லைன்னா. வாரா வாரம் கேட்டேன், வாரா வாரம் அதையேதான் சொன்னா. போன வாரம்… என் வீட்டுலயே வந்து இருக்கியாம்மான்னு கேட்டுட்டேன். நீங்க ரெண்டு பேரும் வளர்ந்து போனப்புறம் அந்த ரூம் சும்மாதானே கிடக்கு. வார்டன்கிட்டக்கூட இன்னும் பேசல. இன்னிக்கு வர்றேன்னு அவகிட்டச் சொல்லிட்டு, போய்ப் பேசலாம்னு இருந்தேன். கூட்டம் வந்துடுச்சு.”

யாரும் இல்லை என்று ஏன் சொன்னாள் என்பது பெரியவளுக்குக் காலையிலேயே தெரியும். அதை இப்போது சொன்னாள். அத்தை கேட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாடி அறையில் தர்மக் கணக்கு என்று அத்தை பேசியபோது, எதை விட்டுக்கொடுத்துப் பேசினாள் என்று பெரியவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

அந்த நேரம் பார்த்து அத்தையின் போன் அடித்தது. வார்டன். ஒன்றும் பயமில்லை, ஆனால் இந்தப் பெண் மத்தியானத்திலிருந்து தன் துணிமணி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கேட்டருகே உட்கார்ந்திருக்கிறது, உள்ளே கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறது, பெரியம்மா இன்றைக்கு வந்துவிடுவார்கள் என்று அடம்பிடிக்கிறது, என்ன சொல்வது என்று கேட்டாள்.

வந்துகொண்டிருக்கிறோம் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள் அத்தை. பிறகு, வண்டியைத் திருப்பு என்றாள்.

பெரியவள் திருப்பினாள். ஆனால் இல்லத்துக்குப் போகிற சாலை வந்ததும் அதில் நுழையாமல், ஓரமாக நிறுத்தினாள்.

“முதல்ல அவங்கம்மாவைக் கூட்டிக்கலாம் அத்தை.”

அத்தை கைப்பையின் வாரை இழுத்துப் பிடித்தாள். எதிரே வந்த பஸ் ஒன்று கடந்து போனது. பிறகு கதவைத் திறந்து இறங்கி, பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

“போ” என்றாள்.

அந்தத் தெருவில் கார் நுழைய இடமில்லை. இரண்டு பேரும் நடந்தார்கள். வரிசையாக ஒற்றை அறைகள். கடைசிக்கு முந்தின கதவு. உருளையக்கா கதவைத் திறந்தபோது கண்கள் சிவந்திருந்தன. வேலை போய்விட்டது என்று அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தவளின் வாசலில், முதலாளியின் அக்காவே நின்றாள்.

பெரியவள் அவசர அவசரமாக விஷயத்தைச் சொன்னாள். வேலை போகவில்லை. நாளையிலிருந்து பகல் ஷிப்டு. அவள் நம்பாமல் அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அத்தை ஆமாம் என்று தலையசைத்தாள்.

“உன் பொண்ணு கேட்டுல உட்கார்ந்திருக்காளாம்” என்றாள். “வா, போகலாம்.”

யாருக்காக உட்கார்ந்திருக்கிறாள் என்பதைச் சொல்லவில்லை. அந்த அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டக்கூட மறந்து முன்னால் நடந்தாள். திரும்பி வந்து பூட்டியது அத்தை.

வண்டி இல்லத்தை நோக்கித் திரும்பியது. முன் சீட்டில் அம்மா, கண்ணாடியில் தன் தலைமுடியைக் கையாலேயே சரி செய்துகொண்டாள். பின் சீட்டில் அத்தை, பூட்டின சாவியைக் கொடுக்க மறந்து கைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

இல்லத்தின் கேட் விளக்கு தூரத்திலேயே தெரிந்தது. அதன் அடியில் சின்னதாக ஓர் உருவம், பக்கத்தில் பை. காரைப் பார்த்ததும் எழுந்து நின்றது.

பெரியவள் வண்டியை நிறுத்தினாள். முன்கதவும் பின்கதவும் ஒரே நேரத்தில் திறந்தன.